கஸ்ஸி வெள்ளை ஒயினுக்கு எந்த உணவு? புய்யாபேஸ் மட்டும்தானா?

கலாங்க்ஓரம் எழுதியது:

பிரான்ஸின் தெற்கத்தி வெள்ளை ஒயின்களைப் பற்றி இங்கே இரண்டு கருத்துகள் திரும்பத் திரும்ப வருகின்றன. தெற்கில் வெயில் அதிகம், சிவப்பும் இளஞ்சிவப்பான ரோஸேயும்தான் அந்த மண்ணுக்குச் சரிப்படும் என்பது ஒன்று. வெள்ளை என்றால் புளிப்பு துள்ள வேண்டும், தெற்கத்தி வெள்ளையில் அது இல்லை என்பது மற்றொன்று. இரண்டையும் நான் ஏற்கவில்லை. அதற்குச் சாட்சியாக மார்சேய்க்குக் கிழக்கே கடலோரமாக இருக்கும் கஸ்ஸியை முன்வைக்கிறேன்.

1936 மே 15 அன்று பிரான்ஸில் முதன்முதலாக அப்பெலாசியோன், அதாவது விளையும் ஊரின் பெயரைச் சட்டப்படி சூடும் உரிமை, பெற்ற ஒயின்களில் கஸ்ஸியும் ஒன்று. ஷாத்தோநெஃப்-து-பாப், தவெல், ஆர்புவா ஆகியவற்றுக்கும் அதே நாளில்தான் கிடைத்தது. புரோவான்ஸ் ஒயினில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு ரோஸேயாக இருக்கும் இந்தக் காலத்திலும் கஸ்ஸி வெள்ளையை விடவில்லை. அங்கே உருவாகும் ஒயினில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வெள்ளைதான். 400 மீட்டரை நெருங்கும் செங்குத்துப் பாறைகளுக்குக் கீழே சுண்ணாம்பு மண்ணில் கல் அடுக்கிப் படிகட்டி, அதில் கொடியை வளர்க்கிறார்கள். வடக்கிலிருந்து வீசும் வறண்ட மிஸ்த்ரால் காற்று ஈரத்தை உலர்த்திப் பூஞ்சையை விரட்டுகிறது; கடற்காற்று வெயிலின் உக்கிரத்தைத் தணிக்கிறது.

ஒயின் ஒற்றைத் திராட்சையால் ஆனதல்ல. மார்சானும் கிளேரெத்தும் முதன்மை. ஊனி பிளான், பூர்புலான், சொவின்யோன் ஆகியவை துணைக்கு வரும். வாயில் வைத்தால் முதலில் வெள்ளைப் பூக்களின் மணம், பிறகு எண்ணெய்ப் பசையுள்ள ஒரு கனம், கடைசியில் பாதாம் தோலை மென்றதுபோல ஓர் இளங்கசப்பு. அந்தக் கசப்பைக் குறை என்று சொல்பவர்கள் பூண்டும் குங்குமப்பூவும் போட்ட மார்சேய் மீன் குழம்பான புய்யாபேஸோடு அதை ஒருமுறை அருந்திப் பார்க்கட்டும். பூண்டு, ஆலிவ் எண்ணெய், குங்குமப்பூ, பெருஞ்சீரகம் ஆகிய நான்கும் கோலோச்சும் சமையலுக்கு இந்தக் கலவை பிறவித்துணை. இதைத் தனியாகக் குடித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வது சரியல்ல என்பதே என் வாதம். நண்பர்கள் உங்கள் கருத்தை எழுதுங்கள்.

வடபாரிஸ் எழுதியது:

மதிப்புக்குரிய நண்பரே, மறுக்கிறேன். வெள்ளை ஒயினின் வேலை வாயைக் கழுவி அடுத்த கவளத்துக்குத் தயார் செய்வது. லுவார் பள்ளத்தாக்கின் சான்சேரும் மஸ்கதேயும் அதைச் செய்கின்றன. தெற்கத்தி வெள்ளை நாக்கில் படுத்துக்கொள்கிறது. எண்ணெய் மிகுந்த உணவோடு எண்ணெய்ப் பசையுள்ள ஒயின் எதற்கு? இரண்டும் சேர்ந்தால் திகட்டாதா? எலுமிச்சை பிழிந்த மீனுக்கு லுவார் பள்ளத்தாக்கின் ஒயின் செய்யும் உதவியை மார்சான் ஒருநாளும் செய்யாது.

திராட்சைக்கொடி எழுதியது:

நான் வோக்லூஸ் பகுதியில் ஒயின் கிடங்கு ஒன்றில் வேலை செய்கிறேன். வடபாரிஸ் சொல்வதில் பாதி உண்மை. வெயில் கூடினால் பழத்தில் சர்க்கரை ஏறும், புளிப்பு இறங்கும். அதனால்தான் தெற்கில் வெள்ளை ஒயினைக் கலவையாகச் செய்கிறார்கள். ஒரு திராட்சையில் இல்லாததை இன்னொன்றிலிருந்து எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு அது.

மார்சான் கனத்தைத் தரும், வயதானால் தேனும் பாதாமும் மணக்கும், புளிப்பு குறைவு. இதே திராட்சைதான் ரோன் ஆற்றின் வடபகுதியில் எர்மிதாஜ் வெள்ளையாகப் பல ஆண்டுகள் நிற்கிறது. கிளேரெத் தெற்கின் மிகப் பழைய திராட்சைகளில் ஒன்று. அதன் மணத்தில் பெருஞ்சீரகச் சாயல் உண்டு, கசப்பும் அதிலிருந்து வருகிறது. ஆனால் காற்றுப் பட்டால் சீக்கிரம் பழுப்பேறிவிடும். கிடங்கில் அதைக் கையாளும்போது காற்றை அண்டவிடாமல் காப்பதே பெரும்பாடு. ஊனி பிளான் கோஞ்ஞாக் வடிக்கப் பயன்படும் திராட்சை. தனியாக அதற்கு மணம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. புளிப்பு மட்டும் குறையாது, இங்கே வேண்டியதும் அதுதான். பூர்புலான் தாமதமாகப் பழுப்பது. வெயிலிலும் புளிப்பை விட்டுக்கொடுக்காது. நார்போன் நகருக்குப் பக்கத்தில் லா கிளாப் குன்றில் அதுவே தலைமைத் திராட்சை.

ரோன் ஆற்றின் தென்பகுதிக்கு வந்தால் கூட்டணி மாறுகிறது. கோத்-து-ரோன் வெள்ளையில் வெள்ளை கிரெனாஷ், ரூசான், வியோனியே ஆகியவையும் சேர்கின்றன. வெள்ளை கிரெனாஷில் சாராயம் எளிதில் 14 சதவீதத்தைத் தாண்டும். ரூசான் மூலிகைத் தேநீர்போல மணப்பது, ஆனால் சாம்பல் நோய் அதைத்தான் முதலில் பிடிக்கும். வியோனியே சற்றுக் கூடினாலும் ஆப்ரிகாட் பழ வாசனை மற்றதையெல்லாம் அமுக்கிவிடும்.

புளிப்பைக் காக்க இன்னொரு வழியும் உண்டு. சாராய நொதித்தல் முடிந்தபின் மாலிக் அமிலம் மென்மையான லாக்டிக் அமிலமாக மாறும் இரண்டாம் நொதித்தலைத் தெற்கில் பலர் வேண்டுமென்றே தடுத்துவிடுகிறார்கள். விடியலுக்கு முன்பே அறுவடை செய்து பழத்தைக் குளிர்ச்சியாகக் கொண்டுவருவதும் இதற்காகத்தான். ஆகவே தெற்கத்தி வெள்ளையில் புளிப்பே இல்லை என்பது தவறு. அது முன்வரிசையில் நிற்பதில்லை, அவ்வளவே.

உள்ளிரசம் எழுதியது:

கொடி அண்ணா, இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லித் தந்ததில்லை. நன்றி. சமையல்கட்டு அக்கா வந்து புய்யாபேஸ் பக்கத்தை விளக்க வேண்டும்.

சமையல்கட்டு எழுதியது:

வந்துவிட்டேன். மார்சேயில் ஓர் உணவகச் சமையலறையில் வேலை செய்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: புய்யாபேஸை மீன் சூப் என்று எழுதுவோரை நான் மன்னிப்பதில்லை. அது இரண்டு பரிமாறல் கொண்ட ஒரு முழு விருந்து.

முதலில் சிறு பாறைமீன்களை முழுதாகவே வெங்காயம், தக்காளி, பூண்டு, பெருஞ்சீரகத் தண்டு, காய்ந்த ஆரஞ்சுத் தோல், ஆலிவ் எண்ணெய் ஆகியவற்றோடு வதக்கி, நீர் விட்டு, அடித்து நொறுக்கி, சல்லடையில் அழுத்திப் பிழிய வேண்டும். குங்குமப்பூ இதில் சேரும். தீ தளதளவென்று இருக்க வேண்டும். சிறுதீயில் வைத்தால் எண்ணெயும் நீரும் பிரிந்து மேலே கண்ணாடியாக மிதக்கும். கொதிப்பின் வேகத்தில்தான் இரண்டும் கலந்து சாறு கெட்டிப்படும். பெரிய மீன்கள் அதன்பிறகே இறங்கும். கெட்டிச் சதையுள்ளவை முதலில், சேன்-பியேர் போல மென்மையானவை கடைசியில். 1980இல் மார்சேய் உணவகத்தார் சிலர் கூடி ஒரு சாசனம் எழுதிக்கொண்டார்கள். ராஸ்காஸ், சேன்-பியேர், கோங்கர் விலாங்கு முதலிய பட்டியலிலிருந்து நான்கு வகை மீனாவது இருக்க வேண்டும், மீனைச் சாப்பிடுபவர் கண்முன்னே வெட்டிப் பரிமாற வேண்டும் என்று அதில் இருக்கிறது. சுற்றுலாப் பயணிகளுக்கு எதையோ கரைத்து ஊற்றிய கடைகள் மலிந்ததால் பிறந்த சாசனம் அது. அது வந்தது நல்லதுக்குத்தான்.

இனி ரூய். உரலில் பூண்டும் கல்லுப்பும் இட்டு நசுக்கி, மிளகாயும் குங்குமப்பூவும் சேர்த்து, முட்டை மஞ்சள் கருவில் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு அரைப்பது. உலக்கையைத் தூக்கினால் கூடவே எழுந்து தயங்கி விழ வேண்டும், அதுதான் பதம். வறுத்த ரொட்டித் துண்டில் பச்சைப் பூண்டைத் தேய்த்து, ரூயைத் தடவி, சாற்றில் மிதக்கவிட்டுச் சாப்பிடுவது முதல் பரிமாறல். மீன் பிறகு.

இந்த முதல் பரிமாறலில்தான் ஒயின் சோதிக்கப்படுகிறது. பச்சைப் பூண்டின் காரமும் குங்குமப்பூவின் மெல்லிய கசப்பும் நாக்கில் இருக்கும்போது சான்சேரை ஊற்றினால் அதன் மணம் முழுவதும் மறைந்து வெறும் புளிப்பு மட்டும் தனியே நிற்கும். கஸ்ஸியை ஊற்றினால் குங்குமப்பூவின் கசப்பும் கிளேரெத்தின் கசப்பும் ஒன்றுக்குள் ஒன்று அடங்கி, மார்சானின் கனம் பூண்டைத் தாங்கிக்கொள்கிறது. சாற்றின் பெருஞ்சீரகம் ஒயினில் தொடர்கிறது. வடபாரிஸ், கழுவுவது வேறு, கூடச் சேர்ந்து நடப்பது வேறு.

வடபாரிஸ் எழுதியது:

அக்கா, பூண்டுக்கு முன்னால் சான்சேரின் சொவின்யோன் மணம் தோற்றுப்போகும் என்பதை ஏற்கிறேன். ஆனால் சாற்றில் தக்காளியின் புளிப்பும் இருக்கிறதே? அதற்கு ஈடுகொடுக்கப் புளிப்பு வேண்டாமா?

சமையல்கட்டு எழுதியது:

நல்ல கேள்வி. புய்யாபேஸில் தக்காளி அளவோடுதான் இருக்கும். சாற்றின் நிறம் சிவப்பாக அல்லாமல் செம்மஞ்சளாக இருக்க வேண்டும். தக்காளியே தலைமை தாங்கும் உணவுக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். செத் நகரத்தின் தியேலை எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்டோபஸும் காரத் தக்காளியும் உள்ளே வைத்துச் சுடும் வட்டமான பணியாரம் அது. அதற்குக் கஸ்ஸி மந்தம்தான், புளிப்பு தூக்கலான பிக்பூல் வெள்ளை வேண்டும்.

செத்துறை எழுதியது:

எங்கள் ஊர்ப் பெயர் வந்ததால் எழுதுகிறேன். தோ காயலின் ஒரு கரையில் பூசிக் கிராமத்தின் சிப்பி வளர்ப்பு, அதே காயலை ஒட்டிய சரிவுகளில் பிக்பூல்-து-பினே கொடிகள். சிப்பிகளைக் கயிற்றில் ஒட்டி நீரில் தொங்கவிடுகிறார்கள். மத்தியதரைக் கடலில் அலை ஏற்ற இறக்கம் மிகக் குறைவு என்பதால் அட்லாண்டிக் கரைபோலத் தரையில் பரப்பி வளர்க்க வழியில்லை. சிப்பி உப்பாக, சற்றுக் கொட்டைச் சுவையோடு இருக்கும். அதற்கு எலுமிச்சைக்குப் பதிலாகவே பிக்பூலைப் பயன்படுத்தலாம். 2013 முதல் அதற்குத் தனி அப்பெலாசியோன் உண்டு, அது கலவை ஒயின் அல்ல, ஒற்றைத் திராட்சை. பச்சைச் சிப்பிக்குக் கஸ்ஸியைக் கொண்டுவராதீர்கள். கலாங்க்ஓரம் தன் ஊர்ப் பாசத்தில் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பிக்பூலும் கிளேரெத்தும் சேர்ந்து இன்னொரு பொருளாகவும் ஆகின்றன. காயலின் மறுமுனையில் மார்சேயாங் ஊரில் நொய்லி பிரா வெர்மூத் செய்கிறார்கள். 1813இல் உருவான செய்முறை. அந்த வெள்ளை ஒயினைப் பீப்பாய்களில் நிரப்பித் திறந்த முற்றத்தில் வெயிலிலும் காற்றிலும் ஓராண்டு வைத்துப் பிறகு மூலிகைகளை ஊறவைப்பார்கள். ஒரு கரண்டி அதை ஊற்றி மட்டியை மூடிபோட்டு வேகவைத்துப் பாருங்கள்.

கலாங்க்ஓரம் எழுதியது:

கோபம் இல்லை, முழு உடன்பாடு. பச்சைச் சிப்பிக்குப் பிக்பூல்தான். ஆனால் குளிர்காலத்தில் கடல் முள்ளெலியை வெட்டி அதன் செம்மஞ்சள் முட்டையை ரொட்டியில் எடுத்துத் தின்னும்போது கஸ்ஸியை விட்டுக்கொடுக்க மாட்டேன். அயோடின் மணமும் இனிப்பும் கலந்த அந்தச் சுவைக்குக் கூரான புளிப்பு பகை.

பந்தோல்பிரியை எழுதியது:

இந்த இழையில் யாரும் ரோஸேயை மதிக்கவில்லை! புய்யாபேஸுக்குப் பந்தோல் ரோஸே வைப்பவர்கள் மார்சேயிலேயே நிறைய. மூர்வேத்ர் திராட்சையின் கட்டுறுதி ரூயின் மிளகாய்க்கு நன்றாக ஈடுகொடுக்கிறது. சிலர் இளம் சிவப்பையும் குளிரவைத்து மீனோடு குடிக்கிறார்கள். அது ஏன் தவறு?

திராட்சைக்கொடி எழுதியது:

பந்தோல் ரோஸே நல்ல தேர்வு, மறுப்பில்லை. சிவப்பைப் பற்றி மட்டும் ஒரு தகவல். ஜப்பானின் மெர்சியன் ஒயின் நிறுவனத்து ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வில், கடலுணவோடு ஒயின் அருந்தும்போது வாயில் எழும் மீன்நாற்றத்துக்கு ஒயினில் உள்ள இரும்புச்சத்து முக்கியக் காரணம் என்று காட்டினார்கள். லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் போனால் நாற்றம் தூக்கலாகத் தெரிந்தது. சிவப்பு ஒயின்களில் பொதுவாக இரும்பு கூடுதல் என்றாலும் எல்லாச் சிவப்பும் அப்படியல்ல. வெள்ளையிலும் இரும்பு கூடியவை உண்டு. ஆகவே நிறத்தை மட்டும் பார்த்து விதி சொல்ல முடியாது. எண்ணெய் மிகுந்த மத்தி, அயலை போன்றவற்றோடு சிவப்பைச் சேர்த்தால் அந்த நாற்றம் வர வாய்ப்பு அதிகம் என்பது என் அனுபவமும்கூட.

புதுவைப்பெண் எழுதியது:

புதுச்சேரியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் கிரியோல் வீடுகளில் மீன் புய்யாபேஸ் என்ற பெயரிலேயே ஓர் உணவு உண்டு. குங்குமப்பூவின் இடத்தை மஞ்சள் பிடித்துக்கொண்டது. சோம்பு அப்படியே இருக்கிறது. மீன் வங்கக்கடல் மீன். பாட்டிகள் இதற்கு ரூய் அரைப்பதும் உண்டு. அதில் மிளகாய் மார்சேயைவிடக் கூடுதல். இதற்கும் கஸ்ஸி பொருந்துமா?

திராட்சைக்கொடி எழுதியது:

பொருந்தும், ஆனால் மிளகாயின் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். மிளகாயின் எரிச்சலை உணரும் அதே நரம்பு ஏற்பியைச் சாராயமும் தூண்டுகிறது. அதனால் சாராயம் கூடிய ஒயின் காரத்தை மேலும் ஏற்றும். 14.5 சதவீதமுள்ள ஷாத்தோநெஃப் வெள்ளையைக் காரக் குழம்போடு வைத்தால் நாக்கு பற்றி எரியும், ஒயினும் வீண். கஸ்ஸி வழக்கமாக 13 சதவீதத்தை ஒட்டியே இருப்பதால் தப்பிக்கும். ஓக் பீப்பாயில் வைத்த வெள்ளையைத் தவிருங்கள். ஓக்கின் துவர்ப்பு மிளகாயோடு சேர்ந்தால் கடுமையாகிறது. மஞ்சளின் மண்வாசனைக்கு மார்சான் நன்றாகவே பொருந்தும் என்று நினைக்கிறேன். சமைத்துப் பார்த்து எழுதுங்கள் தங்கையே.

மரக்கறிமேசை எழுதியது:

எல்லாரும் மீனிலேயே நிற்கிறீர்கள். எங்கள் வீட்டில் மரக்கறிதான். தென்பிரான்ஸ் சமையலில் எங்களுக்கு என்ன இருக்கிறது? ஒயினைத் தெளிவாக்க மீன் பொருள் சேர்ப்பார்கள் என்றும் கேள்விப்பட்டேன். அது உண்மையா?

சமையல்கட்டு எழுதியது:

நிறைய இருக்கிறது. மார்சேயின் பானிஸ் கடலைமாவைக் கிண்டி ஆறவைத்து, வெட்டி, எண்ணெயில் பொரிப்பது. மேலே மொறுமொறுப்பு, உள்ளே வெண்ணெய்போலக் குழைவு. உப்பும் மிளகுத்தூளும் தூவிச் சூடாகத் தின்ன வேண்டும். நீஸ் நகரின் சொக்கா அதே கடலைமாவில் விறகடுப்பில் சுடும் மெல்லிய அடை. இரண்டுக்கும் கிளேரெத் கூடுதலாக உள்ள கலவை மிக நன்றாக இருக்கும். துளசியும் பூண்டும் அரைத்த பிஸ்து சேர்க்கும் பீன்ஸ் சூப்புக்கு ரோல் திராட்சை சேர்ந்த புரோவான்ஸ் வெள்ளை நல்லது.

கூனைப்பூவில் (ஆர்டிசோக்) மட்டும் எச்சரிக்கை. அதில் உள்ள சைனரின் என்ற பொருள் அதற்குப்பின் வாயில் வைப்பதையெல்லாம் இனிப்பாகக் காட்டும், தண்ணீர்கூட இனிக்கும். மெல்லிய ஒயின்கள் அங்கே தடுமாறிவிடும். வெள்ளை ஒயினிலேயே கூனைப்பூவை வேகவைக்கும் பாரிகூல் செய்முறையில் அந்தத் தொல்லை குறைகிறது. மிச்சமுள்ள அதே ஒயினை மேசையில் வையுங்கள்.

பாலாடைக்கட்டி சாப்பிடுவீர்கள் என்றால், கஷ்கொட்டை இலையில் சுற்றிக் கட்டிய பனோன் ஆட்டுப்பால் கட்டியோடு இரண்டு மூன்று வயதான கஸ்ஸியைச் சேர்த்துப் பாருங்கள். அதற்கு மேல் எழுத எனக்கு வார்த்தை இல்லை.

திராட்சைக்கொடி எழுதியது:

தெளிவாக்கும் பொருள் பற்றிக் கேட்டது உண்மைதான். மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசை, பால் புரதமான கேசீன், முட்டை வெண்கரு ஆகியவை பயன்படுவதுண்டு. பெரும்பகுதி வண்டலோடு வெளியேறிவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 முதல் பால், முட்டைப் பொருள்களின் எச்சம் இருந்தால் லேபிளில் சொல்ல வேண்டும். மீன் பசைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வெள்ளை ஒயினுக்குப் பென்டோனைட் என்ற களிமண்ணையே பலர் பயன்படுத்துகிறார்கள். வீகன் முத்திரை உள்ள புட்டியை வாங்கினால் கவலை இல்லை.

உள்ளிரசம் எழுதியது:

எந்தக் குளிரில் பரிமாறுவது? எத்தனை ஆண்டு வைக்கலாம்?

கலாங்க்ஓரம் எழுதியது:

குளிர்சாதனப்பெட்டியின் 4 பாகைக் குளிரில் மார்சான் வாய் திறக்காது. கசப்பு மட்டும் எட்டிப்பார்க்கும். தெற்கத்தி வெள்ளையைச் சுவையற்றது என்பவர்களில் பலர் அதை இந்தக் குளிரில்தான் அருந்துகிறார்கள். 11 அல்லது 12 பாகை சரியான அளவு. சாப்பிடுவதற்கு அரைமணி நேரம் முன்பே எடுத்து மேசையில் வைத்துவிடுங்கள். பனிக்கட்டி வாளி வேண்டாம்.

கஸ்ஸியைப் பொதுவாக நான்கைந்து ஆண்டுக்குள் அருந்துவது நல்லது. நல்ல தோட்டங்களின் ஒயின் அதற்கு மேலும் தாங்கும். ரூசான் மிகுந்த ஷாத்தோநெஃப் வெள்ளை வேறு சாதி. இளமையில் அழகாக இருக்கும், பிறகு சில ஆண்டுகள் மணமெல்லாம் அடங்கிப் படுத்துவிடும், அதன்பின் தேனும் மெழுகும் காளானுமாக எழுந்து வரும். இடையில் திறந்தால் ஏமாற்றமே. அந்த வயதான ஒயினுக்குப் புய்யாபேஸ் வேண்டாம். காளான் சேர்த்துப் பாலேட்டில் வெந்த கோழி போதும்.

வடபாரிஸ் எழுதியது:

இந்த இழைக்குப் பிறகு 12 பாகையில் ஒரு கஸ்ஸியை, பூண்டும் ஆலிவ் எண்ணெயும் அரைத்த அயோலியோடு அருந்தத் தீர்மானித்துவிட்டேன். சிப்பிக்கும் எலுமிச்சை மீனுக்கும் லுவார்தான் என்ற என் நிலையில் மாற்றமில்லை. கடைசியாக ஒன்று: நீம் நகரத்துப் பிராந்தாதுக்கு எது?

செத்துறை எழுதியது:

பிராந்தாத் என்றால் உப்பிட்ட காட் மீனை ஊறவைத்து, ஆலிவ் எண்ணெயும் பாலும் விட்டு வெண்மையாகக் கடைவது. மத்தியதரைக் கடலில் இல்லாத இந்த மீன், எக்-மோர்த் உப்பளத்து உப்பை வாங்க வந்த வடகடல் மீனவர்களோடு நீமுக்கு வந்தது. நீம்காரர்கள் உருளைக்கிழங்கு சேர்த்தால் அதைப் பிராந்தாத் என்று ஒப்புவதில்லை. நானும் அவர்கள் பக்கம்.

ஒயினுக்கு வெகுதூரம் போக வேண்டாம். நகரத்துக்குத் தெற்கே உருளைக்கற்கள் நிறைந்த கோஸ்தியேர்-து-நீம் மேட்டில் வெள்ளை கிரெனாஷ், ரூசான், மார்சான் சேர்ந்த கலவை கிடைக்கும். உப்பு நன்றாக நீங்காமல் மீன் சற்றுக் கரித்தால் அதைத் தவிர்த்துவிட்டு, பக்கத்திலேயே உள்ள கிளேரெத்-து-பெல்கார்த் வாங்குங்கள். 1949 முதல் அப்பெலாசியோன் உள்ள சிறிய இடம், ஒற்றைத் திராட்சை, விலையும் கஸ்ஸியைவிடக் குறைவு. பிராந்தாதைச் சூடாகவும் ஒயினை 11 பாகையிலும் வையுங்கள். பொரித்த ரொட்டித் துண்டுகளை மறக்காதீர்கள்.